படத்தில் இருப்பவர்

முழு விலை கொடுப்பது மனித குலத்தின் கடைசி மூடநம்பிக்கை என்று சிக்கனம் அறிவித்தான். பேய், பிசாசு, சகுனம் எல்லாவற்றையும் மனிதன் ஒருவழியாகத் தலைமுழுகிவிட்டான். பொருளின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை மட்டும் இன்னும் தெய்வவாக்காக நம்பிக்கொண்டிருக்கிறான் என்றான். இதைச் சொன்னபோது அவன் கையில் மைக் இல்லை, எதிரே கூட்டமும் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் முன்னறையில் நின்றுகொண்டு, அக்காவின் மேஜைமேல் இருந்த நான்கு டார்ச் பேட்டரிகளைப் பார்த்துச் சொன்னான்.

அந்த நான்கையும் அக்கா தன் கைப்பையிலிருந்து காசு போட்டு வாங்கியிருந்தாள். ஆபீஸ் காசில் வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் "இப்பொருள் இல்லாமல் சமாளிக்க எடுத்த முயற்சிகள்" என்று ஆறு வரி இடம் விட்டிருக்கும். அந்தப் படிவத்தை உருவாக்கியவன் சிக்கனம்.

"ரசீது எங்கே?" என்றான்.

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"வெச்சிருந்தா நீ கேப்பே."

"அக்கா, உன்ன மாதிரி வெளிய சொல்லாம கைக்காசு போட்டு ஆபீஸ் நடத்துறவங்களாலதான் எந்தக் கம்பெனியும் உருப்படுறதில்ல. வியாதி எங்க இருக்குன்னே தெரியாமப் போயிடுது. அதுவும் மூலைக்கடையில, ஒட்டியிருந்த விலைக்கு, பேரம்கூடப் பேசாம."

"நாலு பேட்டரிக்குப் பேரம் பேச எனக்கு வெக்கமா இருக்குடா."

"வெக்கம்தான் முழு விலையோட அம்மா."

அக்கா ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ஃபோன் மணி அடித்திருக்கவில்லை.

கம்பெனி அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. எட்டு மெக்கானிக்குகள், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஃபோனுக்கு அக்கா, எதற்கென்று தெளிவாகச் சொல்ல முடியாத ஒரு மேனேஜர் நாற்காலியில் சிக்கனம். ஆக மொத்தம் பதினொரு பேர். காகிதத்தின் பின்பக்கத்தையும் பயன்படுத்த வேண்டும் என்று அவன் ஒருமுறை உத்தரவு போட்டிருந்தான். அதன்படி ஒரு வாடிக்கையாளருக்குப் போன கடிதத்தின் முதுகில், அதே வாடிக்கையாளரைப் பற்றி அத்தான் கிறுக்கிவைத்த நாலு நல்ல வார்த்தைகளும் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர்தான் சிக்கனம். அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான்.

ஊரின் மறுகோடியில் அத்தான் ஒரு புதுக் கிளை திறக்கவிருந்தார். அதன் சாவி அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. சிக்கனம் அந்த அறைக்குள் நுழைந்தாலே அவன் கண் முதலில் ஆணிக்குப் போய்விட்டு அப்புறம்தான் அத்தானிடம் வரும். அத்தானும் அதைக் கவனிக்காதவர் இல்லை.

"மாப்ள, ஒரே ஒரு செலவக் குறைச்சுக் காட்டு," என்றார் ஒருநாள். "ஒரு மாசம் பாப்பேன். வெளியிலேருந்து ஒரு புகார் வரக் கூடாது. வரலைன்னா சாவி உனக்கு. வந்துச்சுன்னா பழையபடி கிரீஸ் வாளி."

சிக்கனம் இந்தக் கம்பெனிக்கு வந்ததே கிரீஸ் வாளி தூக்கத்தான். மூன்று மாதம் தூக்கினான். அந்த வாடை இன்னும் சில ராத்திரிகளில் அவன் கனவில் வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

குறைக்க வேண்டிய செலவை அவன் ஏற்கனவே பார்த்துவைத்திருந்தான். மெக்கானிக்குகளின் ஃபோனில் ஒரு மென்பொருள் இருந்தது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றிருக்கிறது, யார் போக வேண்டும், வேலை முடிந்ததா என்பதெல்லாம் அதில்தான். ஆள் கிளம்பியதும் வாடிக்கையாளருக்குத் தானாகவே செய்தி அனுப்பும். இத்தனைக்கும் மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று சந்தா. பதினொரு தலை. இதே மென்பொருளில் "சிறு குழுத் திட்டம்" என்று ஒன்றும் இருந்தது. மூன்று தலை மட்டும். விலை கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், அவ்வளவு குறைவு.

"மூணு பேர் கணக்குல எட்டு மெக்கானிக்க எங்கடா வெப்பே?" என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. மெக்கானிக் எல்லாருக்கும் சேத்து ஒண்ணு. ஸ்டோர்க்காரர் அதைத் திறந்ததே கிடையாது."

"எட்டு பேருக்கு ஒண்ணா?"

"எட்டு பேரும் லிஃப்ட்தானே பாக்குறாங்க. தத்துவப்படி பாத்தா அது ஒரே ஆள்."

மாறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. "நிச்சயமாகவா?" என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றான். "உங்கள் குழுவைப் பிரிவது எங்களுக்கு வருத்தம்" என்று சொல்லி, கண்ணீர் விடும் ஒரு பொம்மையைக் காட்டியது. காரணம் கேட்டது. காரணத்துக்குக் காரணம் கேட்டது. "ஒரு மாதம் யோசித்துவிட்டு வரலாமே" என்றது. பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன வீட்டில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். நாற்பது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாக அமுக்கிக்கொண்டே போனான்.

கடைசிப் பக்கத்தில், "மெக்கானிக்" என்ற பொதுக் கணக்குக்கு ஒரு படம் வேண்டும் என்றது. ஸ்பேனர் படம் ஒன்றைப் போட்டான். "முகம் தெரியவில்லை" என்றது. கம்பெனி முத்திரையைப் போட்டான். "முகம் தெரியவில்லை." எட்டு பேரும் சேர்ந்து நின்ற படத்தைப் போட்டான். "ஒரு முகம் மட்டும்" என்றது. பொறுமை போய்விட்டது. கம்ப்யூட்டரில் கையில் கிடைத்த தன் சொந்தப் படத்தைப் போட்டான். ஐந்து வருடத்துக்கு முந்தைய படம். முடி நிறைய இருந்தது. மென்பொருள் உடனே ஒப்புக்கொண்டு, "வாழ்த்துகள்" என்றது.

முதல் வாரம் எண்களின் வாரம். பொதுக் கணக்கில் ஒருவன் நுழைந்தால் உள்ளே இருந்தவன் வெளியே தள்ளப்படுவான். மறுபடி நுழைய ஆறு இலக்க எண் வேண்டும். அந்த எண் பதிவு செய்த ஃபோனுக்குத்தான் வரும். பதிவு செய்த ஃபோன் சிக்கனத்தினுடையது.

"சார், நம்பர்."

சொல்வான். வைப்பான். மறுபடி அடிக்கும்.

"சார், அந்த நம்பர் செத்துடுச்சு. வேற நம்பர்."

முடிவெட்டும் கடையில் ஒரு காதோரம் முடிந்து மறு காதோரம் பாக்கி இருக்கும்போது கூப்பிட்டார்கள். குளியலறையில் சோப்பு நுரையோடு கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி ஃபோனை வாங்கிப் பார்த்துச் சொன்னான். கம்பெனியிலேயே மூத்த மெக்கானிக், லிஃப்ட்டின் இரும்புக் கயிறு மாற்றுவதில் கெட்டிக்காரர் என்பதால் எல்லோரும் கயிறு அண்ணன் என்று அழைப்பவர், ஒன்பதாவது மாடி உயரத்தில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் தொங்கிக்கொண்டே கூப்பிட்டார்.

"சார், மெதுவா சொல்லுங்க. ஒரு கைதான் சும்மா இருக்கு."

"உன் ஃபோன என்கிட்ட குடுத்துட்டுப் போயேன்டா, நான் சொல்லிக்கிறேன்," என்றாள் அக்கா.

"அது என் சொந்த ஃபோன்."

"இது உன் சொந்தத் திட்டம்தானே."

வார முடிவில் அவனுக்குத் தன் வயதைக் கேட்டால்கூட ஆறு இலக்கத்தில் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் புகார் வரவில்லை. ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்துச் சகித்துக்கொண்டான்.

இரண்டாவது வாரம்தான் படம் வேலை செய்ய ஆரம்பித்தது. மெக்கானிக் கிளம்பியதும் வாடிக்கையாளருக்குப் போகும் செய்தியில், "இதோ, உங்கள் மெக்கானிக் வருகிறார்" என்று ஆளின் படமும் இருக்கும். முன்பு எட்டு பேருக்கு எட்டு படம். இப்போது எட்டு பேருக்கும் சிக்கனத்தின் படம்.

அக்காவுக்குத்தான் ஃபோன் வந்தது.

"ஏங்க, படத்துல ஒருத்தர் இருக்காரு. வாசல்ல வேற ஒருத்தர் நிக்கிறாரு."

"அது பழைய படம்ங்க," என்றாள் அக்கா யோசிக்காமல்.

வாசலில் நின்றவர் கயிறு அண்ணன். தலையில் ஒரு முடி கிடையாது. இருக்க வேண்டிய முடியெல்லாம் மீசைக்கு இறங்கியிருந்தது.

"எவ்வளவு பழைய படம்? இவருக்கு அறுபது வயசு இருக்கும் போலிருக்கே."

"கஷ்டமான வேலைங்க," என்றாள் அக்கா.

அந்த வாரம் முழுக்க, ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒரு பதில் தேடிச் சொன்னாள். ஒல்லியானவனுக்கு "உடம்பு சரியில்லாம இருந்தாருங்க" என்றாள். குட்டையானவனுக்கு மட்டும் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். வந்த ஃபோனையெல்லாம் புகார் நோட்டில் எழுதாமல் "விசாரிப்பு" என்று தனி நோட்டில் எழுதிவைத்தாள். அது அவன் கெஞ்சியதற்காக.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, நான்கு கோபுரக் குடியிருப்பில் ஒரு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. நான்கு கட்டடம், பன்னிரண்டு லிஃப்ட். அத்தானுக்கு இதைவிடப் பெரிய வாடிக்கை கிடையாது. உள்ளே மாட்டிக்கொண்டவர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அம்மா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஆறு மாதம் முன்பு ஒரு சைக்கிள் திருடுபோனதிலிருந்து, செய்தியில் வந்த படமும் வந்த ஆளும் ஒத்துப்போனால்தான் கேட்டைத் திறக்க வேண்டும் என்று காவலாளிக்கு எழுத்துமூலம் உத்தரவு போட்டவரும் அவரே.

கயிறு அண்ணன் கேட்டிலிருந்து கூப்பிட்டார். "சார், உள்ள விட மாட்டேங்கிறாரு. படத்துல நான் இல்லையாம்."

"மாட்டிக்கிட்டது அவங்க சங்கத் தலைவர்னு சொல்லுங்கண்ணே."

"சொன்னேன். அவரு லிஃப்ட் ஃபோன்ல அந்த அம்மாகிட்டயே கேட்டாரு."

"என்ன சொன்னாங்க?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், எனக்காக மாத்தக் கூடாதுன்னுட்டாங்க. உள்ள நாற்காலி இல்லையேன்னு மட்டும் வருத்தப்பட்டாங்க."

சிக்கனம் அன்று புதுச் சட்டை போட்டிருந்தான். வெள்ளை. ஆட்டோவில் போய் இறங்கினான். காவலாளி ஃபோனில் இருந்த படத்தையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"படத்துல முடி அதிகமா இருக்கே."

"கஷ்டமான வேலை," என்றான் சிக்கனம்.

காவலாளி அவனைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். கயிறு அண்ணனைக் காட்டி, "இவரு?" என்றார்.

"என் உதவியாளர்."

முப்பது வருடம் லிஃப்ட் பார்த்த கயிறு அண்ணன் கையிலிருந்த கிரீஸ் வாளியைச் சிக்கனத்திடம் நீட்டினார். "அப்ப நீங்கதானே மெக்கானிக். பிடிங்க."

மொட்டைமாடி மெஷின் அறையில், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிரேக்கை விடுவித்துக் கைச்சக்கரத்தால் லிஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். பிரேக் கயிறு அண்ணன் கையில். சக்கரம் சிக்கனம் கையில். சுவரில் இருந்த ஃபோன் வழியாகத் தலைவர் அம்மாவின் குரல் தெளிவாக வந்தது.

"யாரு வேலை செய்யிறது? படத்துல இருக்கிறவரா?"

"ஆமாம்மா," என்றான் சிக்கனம்.

"இன்னொரு குரல் கேக்குதே."

"அவரு கத்துக்கிறாரும்மா."

கயிறு அண்ணன் வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். "இடதுபக்கம் சார். அது வலது. உங்க இன்னொரு இடதுபக்கம்." சட்டையின் இரண்டு கையும் முழங்கை வரை கறுத்துவிட்டன. வாளியில் கால் பட்டுப் பேண்ட்டும் போனது. மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது, தலைவர் அம்மா முதலில் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு, பரீட்சைத் தாளுக்கு மதிப்பெண் போடுகிற முகத்தோடு அங்கேயே நின்று ஐந்து நட்சத்திரம் போட்டார்.

சாயங்காலம் அத்தான் கூப்பிட்டார். "மாப்ள, தலைவர் அம்மா ஃபோன் பண்ணாங்க."

சிக்கனத்துக்கு ஆணி மட்டும் தனியாக இருப்பதுபோல ஒரு காட்சி கண்முன் வந்தது.

"இவ்வளவு பொறுப்பான மெக்கானிக்க அவங்க பாத்ததே இல்லையாம். இனிமே நாலு கட்டடத்துக்கும் நீதான் வரணுமாம். மேனேஜர் நீயே வாளி தூக்கினேன்னு கேட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. போய்ட்டு வா."

போனான். தலைவர் அம்மா மற்ற குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்களிடமும் சொல்லியிருந்தார். அந்தக் கேட்களிலும் படம் பார்க்க ஆரம்பித்தார்கள். எட்டு மெக்கானிக்குகள் எட்டு வாசலில் காத்திருக்க, சிக்கனம் ஒவ்வொரு வாசலாகப் போய் முகத்தைக் காட்டிவிட்டு, வாளியை மெஷின் அறை வரை தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாசலுக்கு ஓடினான். நடுவில் எண்ணும் சொன்னான். புகார் வந்தால் கிரீஸ் வாளி என்றுதான் பேச்சு. பாராட்டு வந்தால் என்ன என்று அவனும் கேட்கவில்லை, அத்தானும் சொல்லவில்லை.

நான்காவது நாள், ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து மென்பொருளின் உதவிப் பக்கத்துக்கு எழுதினான். பொதுக் கணக்கின் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டான்.

"வணக்கம். உங்களுக்கு உதவுவதில் மட்டற்ற மகிழ்ச்சி," என்று பதில் வந்தது. "சிறு குழுத் திட்டத்தில் படத்தை எடுக்க இயலாது. மாற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை."

"எட்டு பேருக்கு எட்டு படம் வேண்டும்."

"அருமையான யோசனை. அது பெரிய திட்டத்தில் உண்டு."

"பழையபடி பெரிய திட்டத்துக்கு வந்தால் தள்ளுபடி கிடைக்குமா?"

"புதிதாக வருகிறவர்களுக்கு உண்டு. விலகிப் போய்த் திரும்பி வருகிறவர்களுக்கு முழு விலை. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

தேவை இல்லை என்று எழுதினான். "இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்றது. ஃபோனைச் சட்டைப்பையில் போட்டான். உடனே அடித்தது. "சார், நம்பர்."

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கம்பெனியின் வங்கி அட்டையில் பெரிய திட்டத்தை வாங்கினால் அடுத்த நிமிடம் அத்தானின் ஃபோனில் செய்தி போய் நிற்கும், சாவி போச்சு. வாங்காவிட்டால் இன்னும் ஒன்பது நாள் வாளி. அதற்கப்புறமும் வாளிதான். புதுக் கிளையின் நாற்காலியில் உட்கார நேரமே இருக்காது.

மறுநாள் மதியம் அக்காவின் மேஜை அருகே வந்து நின்றான். மேஜைமேல் நான்கு புதுப் பேட்டரிகள் இருந்தன. அவன் அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாததால் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"அக்கா, அன்னைக்கு இது வாங்கினப்ப, கைக்காசு போட்டு, அந்த விலைக்கே... உனக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருந்துச்சுன்னா?"

"மனசு எப்படி இருந்துச்சு?"

அக்கா ஒரு பேட்டரியை எடுத்துப் பார்த்தாள். "பேட்டரி வாங்கின மாதிரி இருந்துச்சு."

அவன் வெளியே போய்விட்டான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது தன் சொந்த வங்கி அட்டையைப் பர்ஸுக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கயிறு அண்ணன் தன் ஃபோனோடு உள்ளே வந்தார். "சார், என் மூஞ்சி திரும்பி வந்துடுச்சு."

"சிஸ்டம் தானா சரிபண்ணிக்கிட்டிருக்கும்."

"நம்பரும் கேக்க மாட்டேங்குது."

"நல்லதுதானேண்ணே. போய் வேலையப் பாருங்க."

தலைவர் அம்மாவின் குடியிருப்பு முறை வந்தபோது, படத்தில் கயிறு அண்ணன் இருந்தார், வாசலிலும் கயிறு அண்ணன் இருந்தார். காவலாளி திறந்துவிட்டார். பழைய ஆள் எங்கே என்று தலைவர் அம்மா கேட்டதற்கு, "அவரு நல்லா கத்துக்கிட்டாரும்மா, மேனேஜராப் போட்டாச்சு" என்றாராம் கயிறு அண்ணன்.

மாதக் கடைசி நாள் எல்லோரையும் முன்னறையில் கூட்டி வைத்து அத்தான் பேசினார். புகார் நோட்டைத் திறந்து காட்டினார். ஒரு எழுத்து இல்லை. விசாரிப்பு நோட்டு நிரம்பி இரண்டாவது நோட்டு தொடங்கியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

"மூணு பேர் பிளான்லயே எட்டு மூஞ்சியும் வர வெச்சிருக்கான் பாருங்க," என்றார். "அதுக்குப் பேருதான் மூளை. நாலு வார்த்தை சொல்லு மாப்ள."

சிக்கனம் எழுந்தான். முழு விலை கொடுப்பது மனித குலத்தின் கடைசி மூடநம்பிக்கை என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பேய், பிசாசு வரைக்கும் வந்துவிட்டு, விலைச்சீட்டு வந்த இடத்தில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டான். அக்கா தண்ணீர் கொடுத்தாள். அத்தான் சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தார்.

"அங்க ஆறு மெக்கானிக். அங்கயும் இதே சின்னப் பிளான போட்டுடு."

"சரி அத்தான்."

"வர்ற வருஷம் இன்னும் ரெண்டு கிளை யோசிச்சிருக்கேன். எல்லாத்துக்கும் நீதான்."

"சரி அத்தான்," என்றான். சாவியைப் பர்ஸ் இருந்த பைக்குள் போட்டுக்கொண்டான்.

புதுக் கிளையில் பெயிண்ட் வாடை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு ஆணி. கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தான். சிறு குழுத் திட்டம் பச்சைக் கட்டத்துக்குள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிக் கீழே போய்ப் பெரிய திட்டத்தை அமுக்கினான். தன் அட்டையை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அடித்தான். "ரசீது அனுப்பட்டுமா?" என்றது. வேண்டாம் என்றான். இந்த முறை அது ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

கதவைத் தட்டினார்கள். புது மெக்கானிக் ஒருவர், எரியாத ஒரு டார்ச்சோடு நின்றார்.

"பேட்டரி வேணும் சார். இந்தப் படிவத்துல ஆறு வரி எழுதணுமாமே. எனக்கு ரெண்டு வரிக்கு மேல வரல. ஒண்ணாவது வரி, இருட்டுல தடவிப் பாத்தேன். ரெண்டாவது, விழுந்துட்டேன்."

சிக்கனம் படிவத்தை வாங்கிக் கடைசி வரைக்கும் படித்தான். மடித்து மேஜை டிராயருக்குள் போட்டான். "இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

மூலைக்கடைக்காரர் பேட்டரியை எடுத்து வைத்து, ஒட்டியிருந்த விலையைச் சொன்னார். சிக்கனம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு காசை எடுத்து வைத்தான். படியேறும்போது ரசீதை நாலாகக் கிழித்தான். ஆபீஸில் குப்பைக்கூடை இன்னும் வாங்கவில்லை. அதற்கும் படிவம் உண்டு. துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.